செல்லோவுக்கு ஒரு சீட், அம்மாவுக்கு ஒரு சீட்: ஆடிஷனுக்குக் கூடப் போகணுமா?

எடிசன்_அம்மா

பெரிய பொண்ணுக்கு 17 வயசு, ஸ்கூல்ல கடைசி வருஷம். ஒன்பது வருஷமா செல்லோ (பெரிய சைஸ் வயலின் மாதிரி இருக்குமே, அது) வாசிக்கிறா. இசைக் கல்லூரிகளுக்கு டிசம்பர் 1 கெடுவுக்குள்ள ப்ரீஸ்க்ரீன் (முதல் வடிகட்டல்) வீடியோ எல்லாம் அனுப்பிட்டோம். ஆறு இடத்துல நேர்ல வந்து வாசிக்கச் சொல்லியிருக்காங்க: ரோச்செஸ்டர்ல ஈஸ்ட்மன், கிளீவ்லாண்ட், இந்தியானாவுல ப்ளூமிங்டன், ஹூஸ்டன்ல ரைஸ், ஃபிலடெல்ஃபியாவுல கர்ட்டிஸ், நியூயார்க்ல ஜூலியார்ட். ஜனவரி கடைசியில ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் இழுக்குது.

இருக்கிற லீவு மொத்தத்தையும் போட்டு எல்லாத்துக்கும் நான் கூடப் போறதா இருந்தேன். வீட்டுக்காரர் குறுக்க நிக்கிறார். "செப்டம்பர்ல தனியா இருக்கப் போறவ, பிப்ரவரியில தனியா போய்ப் பாக்கட்டுமே"ங்கறார். ரெண்டு வாரமா சாப்பாட்டு மேசையில இதே பேச்சுதான். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

டல்லாஸ்காரன்

நான் உங்க வீட்டுக்காரர் கட்சி.

எம் பையன் ட்ராம்போன். ரெண்டு வருஷம் முன்னாடி அஞ்சு ஊருக்குப் போனான், நான் ஒண்ணுக்கும் போகல. பெரிய ஏர்லைன்ஸ்ல எல்லாம் 15 வயசானாலே தனியா போகலாம். ஒரு தடவை பனியில சிகாகோ ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டான். ராத்திரி பதினோரு மணிக்கு போன், "அப்பா, ஃப்ளைட் கேன்சல்". "சரி, என்ன பண்ணப் போற?"ன்னு மட்டும் கேட்டேன். நாற்காலியிலயே படுத்துத் தூங்கிட்டு, காலையில அவனே அட்மிஷன் ஆபீசுக்குப் பேசி மறுநாள் சாயங்காலத்துக்கு நேரம் மாத்தி வாங்கிட்டான். நான் கூட இருந்திருந்தா அந்த போனை நான்தான் போட்டிருப்பேன். அவங்கம்மா அன்னிக்கு முழுக்க என்கூட பேசல, அது வேற கதை.

பனிக்காலம்

டல்லாஸ்காரன் சார், ட்ராம்போனைக் கொஞ்சம் மல்லுக்கட்டினா தலைக்கு மேல இருக்கிற பெட்டியில திணிச்சிடலாம். செல்லோவைத் திணிச்சுக் காட்டுங்க பாப்போம்!

செல்லோவுக்குத் தனி டிக்கெட் வாங்கணும். பெரும்பாலும் ஜன்னலோர சீட்தான் தருவாங்க, எமர்ஜென்சி வரிசை ஆகாது, நீட்டு பெல்ட் கேட்டு வாங்கிக் கட்டணும். டிக்கெட் வாங்கி, 165 பவுண்டுக்குள்ள இருந்து, பத்திரமா கட்ட முடிஞ்சா ஏத்திக்கணும்னு போக்குவரத்துத் துறை 2015-லயே விதி கொண்டுவந்திருக்கு. கேட்ல நிக்கிறவங்க பாதிப் பேருக்கு அது தெரியாது. நான் அந்தத் தாளை அச்சடிச்சுப் பையில வச்சிருந்தேன், ரெண்டு தடவை எடுத்துக் காட்டவும் வேண்டியிருந்தது. (பணம் முழுசா வாங்குவாங்க, அடிக்கடி பறக்கிறவங்களுக்குக் குடுக்கிற மைல்ஸ் புள்ளி மட்டும் குடுக்க மாட்டாங்க. லின் ஹாரல்னு உலகப் புகழ் செல்லோக்காரர், தன் செல்லோ பேர்ல மைல்ஸ் சேர்த்தார்னு 2012-ல அவரோட கணக்கையே மூடிட்டாங்க!)

இன்னொண்ணு, பல ஹோட்டல்ல 18 வயசுக்குக் கீழ ரூம் தர மாட்டாங்க, சில இடத்துல 21. வாடகைக் கார் நினைச்சே பாக்க முடியாது. இண்டியானாபோலிஸ்ல இறங்கினப்புறம் ப்ளூமிங்டனுக்கு ஒரு மணி நேரம் ரோடு. யார் ஓட்டறது?

எங்களுக்கு நடந்தது இது. பிப்ரவரி, ஹீட்டர் போட்ட ரூம், காத்துல ஈரமே இல்ல. ராத்திரியோட ராத்திரியா செல்லோவோட மேல்பலகை ஓரத்துல பசை விட்டுப்போச்சு. காலையில வில்லை வச்சா 'கர்ர்'ருனு அதிருது. இன்னும் நாலு மணி நேரத்துல ஆடிஷன். பொண்ணு கட்டில்ல உக்காந்து அழறா. ஊர்ல இருக்கிற வயலின் ரிப்பேர் கடைக்கு ஒண்ணொண்ணா போன் அடிச்சேன். மூணாவது கடைக்காரர் சீக்கிரமே வந்து கதவைத் திறந்தார். ஒட்டினா காய நேரமில்லைன்னு தன் கடை செல்லோ ஒண்ணை இரவல் குடுத்தார், காசு கூட வாங்கல. அன்னிக்கு நான் "என்ன பண்ணப் போற?"ன்னு கேட்டுட்டு சும்மா இருந்திருக்கணுமா?

எடிசன் அம்மா, ஈர ஸ்பாஞ்ச் குழாய் ரெண்டு வாங்கி செல்லோ துளைக்குள்ள தொங்கவிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

கணக்குப்பிள்ளை

யார் கூடப் போவது என்பது இரண்டாவது கேள்வி. எதற்காகப் போகிறீர்கள் என்பதை யாரும் கேட்கவில்லை.

ப்ளூமிங்டனுக்கும் ஹூஸ்டனுக்கும் தலா மூன்று டிக்கெட், அதில் ஒன்று மரப்பெட்டிக்கு. ஹோட்டல், கார், விண்ணப்பக் கட்டணம், பியானோ வாசிப்பவருக்குச் சம்பளம். இதெல்லாம் உள்ளே நுழைவதற்கு முன்பே. நுழைந்தால் ஜூலியார்டில் படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல். படித்து முடித்தபின் ஒரு நல்ல ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரே ஒரு செல்லோ இடம் காலியானால் நூற்றுக்கணக்கானோர் வந்து திரைக்குப் பின்னால் வாசிக்கிறார்கள். நியூ ஜெர்சியில் உங்கள் எடிசனிலிருந்து கால் மணி நேரத்தில் நியூ பிரன்ஸ்விக், அங்கே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மேசன் கிராஸ் கலைப் பள்ளி, உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள்.

எடிசன்_அம்மா

ரட்கர்ஸுக்கும் போட்டிருக்கோம் சார். அது வீட்டுப் பக்கத்துலயே இருக்கறதால பயணக் கணக்குல சேர்க்கல. கர்ட்டிஸ்ல 1928-லிருந்து யார்கிட்டயும் படிப்புக் கட்டணம் வாங்கறதில்லை. ஆனா மொத்தப் பள்ளிக்கூடமே 160 பேர் அளவுதான், இருக்கிறவங்க வெளியே போனாத்தான் இடம். அங்க கிடைக்கும்னு நான் கனவு காணல.

ஆனா ஒண்ணு கேக்கணும். சின்னவ பாட்டு கத்துக்கறா. கிளீவ்லாண்ட் தியாகராஜ ஆராதனைப் போட்டிக்கு ஏழு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டுப் போனோம். 1978-லிருந்து நடக்குது, அமெரிக்கா பூரா இருந்து நம்ம ஜனங்க பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க. அங்க ஒருத்தரும் "இதுல வேலை கிடைக்குமா"ன்னு கேட்டதில்லை. அதே ஊருக்கு செல்லோவைத் தூக்கிட்டுப் போனா மட்டும் ஏன் கணக்கு நோட்டு வெளிய வருது?

கணக்குப்பிள்ளை

ஆராதனை முடிந்ததும் குழந்தை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்விடுகிறது அம்மா. அது பக்கவாத்தியம், இது பிழைப்பு. என் நோட்டு இரண்டாவதற்கு மட்டும்தான் திறக்கும்.

பனிக்காலம்

பெரிய கலைஞன் எவனும் தனியா வந்துடல. சீனப் பியானோக்காரர் லாங் லாங்கோட அப்பா போலீஸ் வேலையை விட்டுட்டு மகனோட பெய்ஜிங் போய் உக்காந்தார். அம்மா ஊர்ல வேலை பாத்துக் காசு அனுப்பினாங்க. அதுக்கப்புறம்தான் பையன் கர்ட்டிஸ் வரைக்கும் வந்தான்.

டல்லாஸ்காரன்

அந்தக் கதையைப் பாதியில நிறுத்திட்டீங்களே. பையனுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது டீச்சர் கைவிட்டுட்டாங்க. அப்ப அந்த அப்பா மகனைப் பாத்து என்ன சொன்னார்னு லாங் லாங்கே எழுதியிருக்கார். இங்க எழுத எனக்குக் கை வரல. அப்பா வேலையையே விட்டுட்டு வந்துட்டார்னா, அந்தக் கடன் அந்தப் பிஞ்சுத் தலையில ஏறிடுது. லீவு மொத்தத்தையும் போடறேன்னு எடிசன் அம்மா சொல்றப்ப எனக்கு அந்த பயம்தான். செல்லோவைத் தூக்கறது கஷ்டமில்ல, அம்மாவோட லீவையும் சேத்துத் தூக்கிட்டு உள்ள போறதுதான் கஷ்டம்.

பனிக்காலம்

அதுக்காக இரவல் செல்லோ வாங்கிக் குடுத்தது கடனா? ரொம்பப் பேசறீங்க சார்.

பழைய_வயோலா

உள்ளிருந்து ஒரு குரல். இப்படி ஒரு பள்ளியில் படித்தேன். பெயர் வேண்டாம். மூன்று வருடம் ஆடிஷன் நாளில் கதவு பார்க்கும் வேலை எனக்கு: பெயர் கூப்பிட்டு, வார்ம்-அப் அறையைக் காட்டி, நேரம் வந்ததும் உள்ளே அனுப்புவது.

உள்ளே நடப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான். முதலில் என்ன வாசிப்பது என்று பெரும்பாலும் நம்மையே தேர்வு செய்யச் சொல்வார்கள், அடுத்தது அவர்கள் கேட்பது. டுவோர்ஷாக் எழுதிய கன்சர்ட்டோவை (ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் நீண்ட உருப்படி) வருடக்கணக்கில் சாதகம் செய்து கொண்டுவந்திருப்போம். இரண்டாவது பக்கத்திலேயே "நன்றி, இப்போது பாக் எழுதிய உருப்படி" என்று நிறுத்திவிடுவார்கள். நேரம் போதாமல்தான் நிறுத்துகிறார்கள், பிடிக்காமல் இல்லை. இதை உங்கள் மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள் அக்கா. தெரியாத பிள்ளைகள் முகம் தொங்கிப்போய் அடுத்ததைக் கோட்டை விடுவதைக் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர் வருவதில் ஒரு தப்பும் இல்லை, முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். நாங்கள் கவனிப்பது வேறு. "உன் பெயர் என்ன?" என்று நான் பிள்ளையைக் கேட்பேன், அம்மா பதில் சொல்வார். பேராசிரியர் வெளியே வந்தால் அப்பா முந்திக்கொண்டு கை கொடுத்து, பிள்ளை வாங்கிய பரிசுகளைச் சொல்லத் தொடங்குவார். நாலு வருடம் வாரா வாரம் ஒரே அறையில் அந்தப் பிள்ளையோடு உட்காரப் போகிறவர் பேராசிரியர். அவருக்குப் பிள்ளையின் குரல்தான் வேண்டும்.

ஒரு அப்பாவை மறக்க முடியாது. காலையில் வாத்தியத்தை அறை வாசலில் இறக்கி வைத்தார். "நான் கீழே காபிக் கடையில் இருக்கேன்" என்றார். போய்விட்டார். ஆடிஷன் முடிந்ததும் அந்தப் பெண் கீழே போய், அரை மணி நேரம் அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பேகல் சாப்பிட்டாள். அவரும் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை சாருக்கு: வேலை விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மைதான். நான் இப்போது மருத்துவமனை ஒன்றில் டேட்டா வேலை பார்க்கிறேன், வார இறுதியில் நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் குவார்டெட். வருத்தமில்லை, ஆனால் கடன் மிச்சமிருக்கிறது. மகளோடு பறக்கும் அம்மாக்கள் அதே கவனத்தை அரசு நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்திலும், ஏப்ரலில் வரும் உதவித்தொகைக் கடிதங்களிலும் காட்டினால் புண்ணியம். மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். நடுவில் "இன்னொரு பள்ளி இவ்வளவு தருகிறது, நீங்கள் கூட்ட முடியுமா" என்று கேட்கலாம். என் வீட்டில் யாருக்கும் அது தெரியாது, நாங்கள் கேட்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை

கடைசிப் பத்தியை மட்டும் அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கலாம்.

டல்லாஸ்காரன்

வயோலா தம்பியோ தங்கச்சியோ, காபிக் கடை அப்பாவை ஒத்துக்கறேன். அவர் கூட வந்த மாதிரியும் ஆச்சு, வராத மாதிரியும் ஆச்சு. ஆனா அப்படி உக்காரத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்? என்னால முடியாது, அதான் நான் போகல.

எடிசன்_அம்மா

நேத்து ராத்திரி இது எல்லாத்தையும் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் புரியும், படிக்க வராது. லின் ஹாரல் மைல்ஸ் கதைக்கு விழுந்து விழுந்து சிரிச்சா. பசை விட்ட கதைக்கு எழுந்து போய் செல்லோவைத் தடவிப் பாத்துட்டு வந்தா.

அப்புறம் அவளே ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா. ஃபிலடெல்ஃபியாவும் நியூயார்க்கும் ரயில்ல தனியா. ஃபிலடெல்ஃபியா போக ட்ரென்டன்ல இறங்கி மாறணும், அதெல்லாம் தெரியுமாம். ப்ளூமிங்டனும் ஹூஸ்டனும் விமானம், அதுக்கு நான் வரலாம், ஆனா காலேஜ் கேட் வரைக்கும்தான் பேசணும், கட்டடத்துக்குள்ள பேசக் கூடாது. ரோச்செஸ்டரும் கிளீவ்லாண்டும் காரு. அதுக்கு அப்பா வரணுமாம். "ஏன்டி, தனியா போன்னு சொன்னவரே அவர்தானே?"ன்னு கேட்டேன். "அப்பா வண்டியில பேச மாட்டார்"னா.

அவர் ஒண்ணும் சொல்லல. இப்போ ஸ்னோ டயர் விலை பாத்துக்கிட்டு இருக்கார்.