பழைய கல்யாணப் பத்திரிகைகளை எண்ணியபோது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வைகைக்கரை:

எங்கள் தாத்தா வீட்டு நடையில் ஒரு கம்பி தொங்கும். வந்த கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் அதில் குத்தி வைப்பார். கம்பி நிறைந்ததும் கட்டாகக் கட்டி டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவார். அவர் போனபிறகு அப்பாவும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆக, 1940களின் கடைசியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த பத்திரிகைகளில் பெரும்பகுதி ஒரே பெட்டியில் கிடந்தது. முதுகலையில் சமூகவியல் ஆய்வேடு எழுத வேண்டி வந்தபோது அந்தப் பெட்டியைத்தான் திறந்தேன்.

எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றியது ஒரு பழைய அமெரிக்க ஆய்வைப் படித்ததால். லியோ லோவென்தால் என்ற சமூகவியலாளர் 1944இல் வெளியிட்டது. சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட், கோலியர்ஸ் என்ற இரண்டு வார இதழ்களில் 1901 முதல் 1941 வரை வந்த வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, யார் யாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணினார். 1914 வரையிலான காலத்தில் நூற்றுக்கு 46 பேர் அரசியலைச் சேர்ந்தவர்கள், 26 பேர் கேளிக்கை உலகத்தவர்கள். 1940–41க்கு வந்தால் அரசியல் 25 ஆக இறங்கிவிட்டது, கேளிக்கை 55 ஆக ஏறிவிட்டது. ஒருவரையும் பேட்டி காணாமல், ஜனங்கள் யாரை அண்ணாந்து பார்த்தார்கள் என்பது எப்படி மாறியது என்று அச்சடித்த தாளை வைத்தே காட்டிவிட்டார். நம்மிடமும் தாள் இருக்கிறதே என்று நினைத்தேன்.

ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு வரிசை, கேள்விக்கு ஒரு கட்டம் என்று குறியீட்டுத் தாள் தயார் செய்தேன். தலைப்பு ‘விவாஹ சுபமுகூர்த்தப் பத்திரிகை’யா, ‘திருமண அழைப்பிதழ்’ என்றா? மணமக்கள் ‘சிரஞ்சீவி, சௌபாக்கியவதி’யா, ‘திருநிறைச்செல்வன், திருநிறைச்செல்வி’யா? ‘இஷ்டமித்திர பந்துக்களுடன்’ வரச் சொல்கிறார்களா, ‘சுற்றமும் நட்பும் சூழ’வா? கல்யாணம் வீட்டிலா, மண்டபத்திலா? பெயருக்குப் பின்னால் படிப்பு இருக்கிறதா? சாதிப் பட்டம் இருக்கிறதா?

சாதிப் பட்டத்தைத்தான் பெரிதாக நம்பினேன். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எங்கள் பெட்டியில் அது எப்போது வந்து சேர்ந்தது என்று ஒரு வருஷத்தைச் சுட்டிக் காட்டிவிடலாம் என்று இருந்தேன். முடியவில்லை. ஒரே பத்திரிகையில் மணமகன் பெயர் வெறுமனே இருக்கிறது, அப்பா பெயரும் வெறுமனே இருக்கிறது, ‘தெய்வத்திரு’ தாத்தாவுக்கு மட்டும் பட்டம் முழுசாக நிற்கிறது. இன்னொன்றில் யாருக்குமே பட்டம் இல்லை, ஆனால் ‘இன்னார் வகையறா’ என்ற ஒரு சொல் ஊர்க்காரர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ‘இருக்கிறது, இல்லை’ என்று இரண்டே பதில் வைத்திருந்த என் கட்டம் உடைந்தது. எந்தத் தலைமுறையின் பெயரில் இருக்கிறது என்று பிரித்து எழுதிய பிறகுதான், பட்டம் கீழிருந்து மேலாக, இளையவர் பெயரில் முதலில் உதிர்ந்து மூத்தவர் பெயரில் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஆனால் நான் இதை எழுத வந்தது வேறொரு விஷயத்துக்காக.

ஒரே ஆள் குறித்தால் போதாது, இன்னொருவர் தனியாக உட்கார்ந்து அதே பத்திரிகைகளைக் குறிக்க வேண்டும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். எனக்குக் கிடைத்தவர் பெரியம்மா. ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை, கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பத்துப் பதினைந்து தாளோடு நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

“அம்மா பேரு எங்கப்பா எழுதணும்?” என்றார்.

அப்படி ஒரு கட்டமே நான் வைக்கவில்லை. பழைய பத்திரிகைகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ‘இன்னார் அவர்களின் குமாரத்தி’, ‘இன்னார் அவர்களின் பௌத்திரி’ என்றுதான் இருக்கிறது. இன்னார் எல்லாரும் ஆண்கள். பெற்றவள் பெயர் இல்லை. பிற்பாடு ‘திரு, திருமதி’ வருகிறது, அதிலும் பலவற்றில் திருமதிக்குப் பின்னால் கணவர் பெயர்தான். பெண்ணின் சொந்தப் பெயர், அப்புறம் அவளுடைய படிப்பு, இவை வந்து சேர இன்னும் காலம் பிடித்திருக்கிறது. பெரியம்மா தன் பத்திரிகையைத் தனியே எடுத்து வைத்திருந்தார். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.ஏ. இருக்கிறது. பெரியம்மா அப்போதே ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தார், அது இல்லை. அவருடைய அம்மா, அதாவது எங்கள் பாட்டி, அந்தத் தாளில் எங்குமே இல்லை.

அத்தனை பத்திரிகையையும் நான் ஒரு தடவை முழுக்கப் பார்த்து முடித்திருந்தேன். தாளில் இருந்ததை மட்டுமே தேடியதால், இல்லாதது என் கண்ணில் படவே இல்லை. கட்டத்தைச் சேர்த்துக்கொண்டு முதல் தாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம்.

இந்த மாதிரி எதையாவது எண்ணப் போய் எண்ணும் முறையே மாறிப்போன அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

வடமராட்சி:

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒரு நினைவு மலர் அச்சடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்றுதான் சொல்லுவோம். தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். என் அம்மம்மா இவற்றை அரிசிப் பானை மாதிரிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர். நூலகம் மின்னூலகத்திலும் நிறைய நினைவு மலர்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாசிக்கத் தொடங்கினேன்.

நான் பார்த்தது பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அடைப்புக்குறியை மட்டும்தான். பழையவற்றில் அதற்குள் உத்தியோகம் இருக்கும்: ஆசிரியர், இலிகிதர் (எழுத்தர்), புகையிரத நிலைய அதிபர். இன்னும் பழைய தலைமுறை என்றால் ‘மலாயன் பென்சனியர்’, அதாவது மலாயாவில் வேலை செய்து ஓய்வூதியம் வாங்கியவர். 1983 கலவரத்துக்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் நாடு வந்து குந்திவிட்டது: கனடா, சுவிஸ், லண்டன், நோர்வே, பிரான்ஸ். அந்தப் பிள்ளை அங்கே என்ன வேலை செய்கிறது என்று யாரும் எழுதவில்லை. எங்கே உயிரோடு இருக்கிறது என்பதுதான் செய்தியாகிவிட்டது. பிறகு மரண அறிவித்தல்களிலும் ‘கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபுறோவை வதிவிடமாகவும் கொண்ட’ என்ற வசனம் நிரந்தரமாகிவிட்டது.

ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு என்னிடம் கல்வெட்டுகள் மிகக் குறைவாக இருந்தன. வழக்கம் குறைந்துவிட்டது என்று எழுதப் போனேன். அம்மாவோடு கதைத்தபோதுதான் விளங்கியது. 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனம் போருக்குப் பயந்து ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, வீடுகளில் இருந்த தாள்கள் வீடுகளிலேயே கிடந்தன. திரும்பிப் போனவர்கள் பலருக்கு வீடே இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போனது எல்லோருக்கும் தெரியும். அலுமாரிகளில் இருந்து போனவற்றுக்குக் கணக்கே இல்லை. என் வரைபடத்தில் பள்ளமாகத் தெரிந்த இடத்தில் அந்த இடப்பெயர்வு கிடக்கிறது. இப்போது அந்த ஆண்டுகளுக்குக் கோடு போடுவதில்லை, வெறுமையாக விட்டுக் காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசகி:

வைகைக்கரை அண்ணா, உங்கள் பெரியம்மாவின் கேள்வியை இரண்டு தடவை படித்தேன்.

நான் எடுத்தது ஞாயிற்றுக்கிழமை மணமகன், மணமகள் தேவை விளம்பரங்கள். ‘சாதி தடையில்லை’ என்று வந்தால் 1, வராவிட்டால் 0. உள்ளடக்கப் பகுப்பாய்வுக்கு பெரல்சன் என்ற ஆய்வாளர் 1952இல் கொடுத்த வரையறையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்: வெளிப்படையாகத் தெரிகிற உள்ளடக்கத்தை முறையாக, பாரபட்சமில்லாமல் எண்ண வேண்டும். வருஷம் ஏற ஏற 1 கூடிக்கொண்டே வந்தது. வழிகாட்டியும் நல்ல முடிவு என்று சொல்லிவிட்டார்.

ஒரு நாள் ராத்திரி சரிபார்க்கும்போது ஒரு விளம்பரத்தை முழுசாகப் படித்தேன். ‘சாதி தடையில்லை (எஸ்.சி./எஸ்.டி. தவிர)’. அதற்கும் நான் 1 போட்டிருந்தேன். மேலே போய்ப் பார்த்தால் அதே மாதிரி இன்னும் இருக்கிறது. அந்தத் ‘தவிர’வுக்குள் இருக்கிற குடும்பம் என்னுடையது. அப்படியிருந்தும் கை பழக்கத்தில் 1 போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். அன்றைக்கு மேலே வேலை செய்ய முடியவில்லை.

மறுநாள் நான்காகப் பிரித்தேன். குறிப்பிட்ட சாதி மட்டும். உட்பிரிவு தடையில்லை. சாதி தடையில்லை, ஆனால் சிலர் தவிர. நிபந்தனை இல்லாமல் சாதி தடையில்லை. முன்பு உயர்ந்த கோட்டில் கணிசமான பங்கு மூன்றாவது பிரிவுக்குப் போய்விட்டது. கிராக்கவர் என்பவர் அந்தக் காலத்திலேயே பெரல்சனோடு வாதாடியிருக்கிறார், எண்ணுவதற்காகத் துண்டு துண்டாக்கினால் எழுத்து முழுதாகச் சொல்வது தவறிப்போகும் என்று. அதை நான் பரீட்சைக்காகப் படித்திருந்தேன், அவ்வளவுதான். எண்ணுவதை நான் விடவில்லை. விளம்பரத்தைக் கடைசி அடைப்புக்குறி வரை படித்து முடிக்காமல் எண் போடக் கூடாது என்பதை விதிகளில் முதல் விதியாக எழுதி வைத்தேன்.

எண்ணும் எழுத்தும்:

நான் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன். இரண்டு பேர் குறித்தது ஒத்துப்போகிறது என்று மாணவர்கள் சந்தோஷமாக வருவார்கள். “சார், 90 சதவீதம்!” அந்த 90ஐ அப்படியே நம்பக் கூடாது.

இப்படிப் பாருங்கள். நூறு பத்திரிகையில் தொண்ணூறில் மண்டபம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் குறித்திருக்கிறார்கள், ஆனால் இருவருக்கும் அதே தொண்ணூறு இல்லை என்று வையுங்கள். இருவரும் தாளைப் பார்க்காமல் அதே விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் 82 சதவீதம் தானாகவே ஒத்துப்போகும் (0.9 × 0.9 உடன் 0.1 × 0.1ஐக் கூட்டுங்கள்). ஆக, தற்செயலுக்கு மேலே கிடைக்கக்கூடிய இடம் 18தான், அதில் நீங்கள் எட்டியது 8 (90இல் 82 போக). கோஹன் 1960இல் கொடுத்த கப்பா அளவு இதைத்தான் கணக்கிடுகிறது. எட்டைப் பதினெட்டால் வகுத்தால் 0.44. பெருமைப்படுகிற எண் இல்லை.

ஆனால் கப்பா எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பெரியம்மா கேட்ட கேள்வியை அது கேட்காது. இரண்டு பேரும் ஒரே கட்டத்தை மறந்திருந்தால் ஒத்துப்போதல் முழுசாக வரும். அதனால்தான் இரண்டாவது ஆளாக அதே வகுப்பு நண்பனைப் பிடிக்காதீர்கள், வயதிலும் வாழ்க்கையிலும் வேறான ஒருவரைப் பிடியுங்கள் என்று சொல்லுவேன்.

பழையதாள்:

கணினியில் தேடி எண்ணப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான தாளில் ணா, றா, னா, லை, னை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். ஓ.சி.ஆர். (தாளின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) அங்கே தடுமாறினால் பழைய வருஷங்களில் உங்கள் சொல் குறைவாக வரும். சமூகம் மாறியதுபோலத் தோன்றும், உண்மையில் மாறியது அச்செழுத்து. அப்புறம், ‘மணம்’ என்று தேடினால் ‘மணத்தை’ கிடைக்காது. நான் ஒரு மாத வேலையை இதனால் திரும்பச் செய்தேன்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. வடமராட்சி சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் பெட்டியைப் பற்றியும் யோசித்தேன். தாத்தாவைக் கூப்பிட்டவர்கள் பத்திரிகை மட்டும்தான் அதில் இருக்கிறது. அச்சடிக்க வசதியில்லாமல் வெற்றிலை பாக்கு வைத்து வாயால் சொல்லிவிட்டுப் போனவர்கள் ஒருவரும் அதில் இல்லை. ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதப் போகிறேன். வாசகி தங்கச்சி, உங்கள் நான்கு பிரிவையும் பார்த்து என் ‘வகையறா’வைத் தனிக் கட்டமாக்கிவிட்டேன்.

இன்னொன்று. பெரியம்மா இப்போது பழைய பத்திரிகைகளை வைத்துக்கொண்டு, அந்தந்த மணப்பெண்ணின் அம்மா பெயரை ஞாபகத்திலிருந்து சொல்கிறார். தாளில் இல்லாததால் என் எண்ணிக்கையில் இவை சேராது, சேர்க்கவும் கூடாது. தனியாக ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுகிறோம். பத்திரிகை எண், மணப்பெண் பெயர், அம்மா பெயர். தெரியாத பெயர்களுக்கு ஊரில் உள்ள கிழவிகளுக்குப் போன் போட்டுக் கேட்கிறார். நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேலே யாரோ திரும்பக் கூப்பிட்டார்கள். “ராக்காயி. அவ பேரு ராக்காயி” என்று பெரியம்மா இங்கே சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.