குன்னம் பக்கத்து உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகளா?

கேள்வி (பெரம்பலூர் மாவட்டம், குன்னம் வட்டத்து ஆசிரியர்):
எங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரியபோது, தேங்காய் அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் உருண்டைக் கற்கள் வெளிவந்தன. 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப்பில் படம் பரவியதும், வெளியூரிலிருந்து வந்தவர்கள் இரண்டே நாளில் பாதியை எடுத்துச் சென்றுவிட்டார்கள். என்னிடமுள்ள ஒரு கல் இரண்டாகப் பிளந்திருக்கிறது. உள்ளே, வெங்காயத்தை அறுத்தாற்போல வட்ட வட்டமான அடுக்குகளும், நடுவில் ஆட்டுக்கொம்பு போன்ற ஒரு சுருளும் தெரிகின்றன. மாணவர்களிடம் இதை என்னவென்று சொல்வது? இங்கே டைனோசர் உண்மையிலேயே வாழ்ந்ததா?

பதில் (புவியியல் மாணவி):
ஐயா, அந்தச் சுருள்தான் விடை. அது அம்மோனைட், கணவாய்க்கு உறவான, ஓடுடைய கடலுயிரி. அது இறந்து கடலடிச் சேற்றில் புதைந்த பின், அதைச் சுற்றிக் கனிமங்கள் படிந்து இறுகியதால் உருண்டையாகிவிட்டது. 2020-இல் குன்னத்தில் கிடைத்து முட்டை என்று பேசப்பட்டவையும் இத்தகைய கற்களே. டைனோசர்கள் நிலத்தில் முட்டையிட்டவை. உங்கள் வட்டாரப் பாறைகளிலோ பெரும்பகுதி, டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரிட்டேசியஸ் காலக் கடலின் படிவு. உண்மையான முட்டையாக இருந்தால், வெளிப்புறத்தில் சில மில்லிமீட்டர் தடிமனில் தனி ஓடும், அதில் நுண்துளைகளும் இருக்கும்.

பதில் (அரியலூர்க்காரர்):
முட்டை இல்லை என்பதால் டைனோசரும் இல்லை என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில், கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலிலும் களிமண்ணிலும், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புகளைப் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் ஆராய்ந்து விவரித்து, 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். பேருடல் பல்லி என்பதே அதன் பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம்! முதலில் ஊனுண்ணி எனக் கருதப்பட்ட அது, பின்னர் நீண்ட கழுத்துடைய தாவரவுண்ணி வகையில் சேர்க்கப்பட்டது. கல்மரமாக இருக்குமோ என்று ஐயுற்றவர்களும் உண்டு. எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள இன்று அந்த எலும்புகள் இல்லை. எளிதில் நொறுங்கும் தன்மையுடைய அவை சிதைந்தே போய்விட்டன. 2022-இல் வெளியான பழைய புகைப்படங்கள்தாம் எஞ்சிய சான்று. இதை எழுதும்போதுகூட மனம் கனக்கிறது.

பதில் (புவியியல் மாணவி):
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் பதிவானதாக 2023-இல் ஆய்வு வெளிவந்தது. ஒவ்வொரு முட்டையும் எந்த அடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்று அங்கேயே பார்க்க முடிந்ததால்தான், அவை கூடு கூடாக இடப்பட்டவை என்று சொல்ல முடிந்தது. ஆகவே எஞ்சிய கற்களைப் பெயர்க்காமல், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, ஆழத்தையும் குறித்து, அரியலூர் அருகேயுள்ள வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

கேட்டவர்:
நன்றி. கரையோரத்தில் இன்னும் பாதி புதைந்தபடி மூன்று கற்கள் இருக்கின்றன. நாளைக் காலை மாணவர்களுடன் சென்று, அவற்றைத் தொடாமல் அளந்து குறித்துக்கொள்கிறோம்.