சாக்குத் தைக்கும்போதே எழுதிய விலை

எங்கள் ஊர் பெருந்துறை பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த செவ்வாய்க்கிழமை நடந்தது இது.

வாக்குக் கணிப்புகளை நம்பி முந்தின நாள் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263இல் முடிந்திருந்தது. நானும் அந்த வேகத்தில் 38,000 ரூபாய்க்குக் கால் ஆப்ஷன் வாங்கி வைத்தேன். சந்தை ஏறினால் லாபம், இறங்கினால் போட்ட பணமே கரைந்துவிடும். மறுநாள் காலை 9.15க்கு, 12,000 நஷ்டத்தோடு தானாகவே விற்று வெளியே வருகிற மாதிரி ஸ்டாப் லாஸ் போட்டேன். விலை அதை நெருங்கியதும் என் கையாலேயே அதை எடுத்துவிட்டேன். அடுத்த சுற்று எண்ணிக்கையில் மாறிவிடும் என்று தோன்றியது. மாறவில்லை. இறங்கிய விலையில் இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணுகிறேன் என்று பையனுடைய பள்ளிக் கட்டணப் பணம் 20,000ஐயும் போட்டேன். நிஃப்டி ஒரு கட்டத்தில் 21,300க்கும் கீழே போய், 21,884இல் நின்றது. மூன்றரை மணிக்கு என்னிடம் மிச்சம் இரண்டாயிரம்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் சொன்னேன். அம்மாவுடைய தம்பி, முப்பது வருஷமாக மஞ்சள் போடுகிறவர். ஆப்ஷன் எல்லாம் தெரியாது. திண்ணையில் கொட்டியிருந்த விரலி மஞ்சளில் ஒன்றை எடுத்து ஒடித்தார். நன்றாகக் காய்ந்தது, டக்கென்று உலோகச் சத்தம் கேட்டது. உள்நிறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏங் கண்ணு, வெளிய வர்ற விலைய எப்ப எழுதுன?"

"வாங்குன பொறவுங்க மாமா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தன் கதையைச் சொன்னார். 2010 கடைசியில் ஈரோட்டில் குவிண்டால் 16,000ஐத் தாண்டியபோது, 20,000 வரும் என்று இருப்பு வைத்தார். 2012இல் 4,000 பக்கம் விற்றார். அத்தை நகை அடகில் இருந்த வருஷம் அது. எனக்கு அன்றுவரை தெரியாது.

"வியாபாரிங்க விலை எழுதிப் போடுற டெண்டர் பெட்டிகிட்ட நின்னா நம்ம புத்தி நம்மகிட்ட இருக்காது. அதனால சாக்குத் தைக்கிற அன்னைக்கே எழுதிருவேன்" என்று டைரியைக் காட்டினார். பென்சிலில் மூட்டைக் கணக்கு, அதன் கீழே இரண்டு விலை. மேல் விலை வந்தால் பாதியை விற்பது, கீழ் விலைக்கு இறங்கினால் மிச்சம் முழுவதையும் தள்ளிவிடுவது.

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ என்கிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். அத்தனை பேருக்கும் கட்டுப்பாடு இல்லாமல் போனதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தரகுக் கட்டணமும் வரியும் தனியாகத் தின்கின்றன. ஒழுங்காக இருந்தால் லாபம் வந்துவிடும் என்பதும் இல்லை. நாம் முடிவு செய்த அளவோடு நஷ்டம் பெரும்பாலும் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவு இருந்திருந்தால் பையன் கட்டணம் தப்பியிருக்கும்.

ஆப்ஷனை விட்டுவிட்டேன். சின்ன அளவில் பங்குகள் மட்டும். வாங்கும் விலை, வெளியேறும் விலை, போனால் எத்தனை ரூபாய், மூன்றையும் முந்தின இரவே நோட்டில் எழுதுகிறேன். ஒரே நாளில் இரண்டு நஷ்டம் என்றால் அன்றைக்கு அதோடு சரி.

போன மாதம் ஒரு பங்கு என் ஸ்டாப் லாஸுக்கு இரண்டு ரூபாய் கீழே மட்டும் போய், என்னை வெளியே தள்ளிவிட்டு, மத்தியானத்துக்குள் நான் எழுதிய இலக்கையும் தாண்டி ஏறியது. திரும்ப வாங்கக் கை பரபரத்தது. மாமாவுக்குப் போன் போட்டேன்.

"எழுதுன விலைக்குத்தான வெளிய வந்த?"

"ஆமாங்க மாமா."

"அப்பறம் என்ன, சாப்புட்டுட்டுப் போய் வேலையப் பாரு கண்ணு."