மாம்பழ சீசன் ஆட்களுக்கு ஈஎஸ்ஐ போட வேண்டுமா?

போச்சம்பள்ளி செல்வி:
போன ஜூலையில் மாம்பழக் கூழ் கம்பெனியில் பெங்களூரா ரக மாங்காய் வெட்டும்போது கத்தி வழுக்கி என் சின்னம்மாவுக்கு இடது கட்டைவிரலில் ஆழமான வெட்டு. மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு ஏற்கெனவே தோல் உரிந்திருந்த கை. ஆறு தையல், இருபது நாள் வீட்டில். காண்ட்ராக்டர் 500 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு மறுநாளே வேறு ஆளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கம்பெனிக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நம்பர் இருக்கிறது, ஆனால் காண்ட்ராக்டர் கூட்டி வந்த நாற்பது பெண்களில் ஒருத்தர் பெயரும் அதில் இல்லை. வெளிநாட்டுக்கு டிரம் டிரம்மாகப் போகிற கூழை வெட்டிக் கொடுப்பது இவர்கள்தான். வேலைக்கு வந்த அன்றே பெயர் ஏற வேண்டும்.

கிருஷ்ணகிரி கூழ் வியாபாரி:
தங்கச்சி, சின்னம்மாவுக்கு நடந்தது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் தொழில் நிலவரத்தையும் பாருங்கள். கூழ் விலையை வைப்பது நாங்கள் இல்லை, வெளிநாட்டில் வாங்குகிறவர்கள். பழைய சரக்கு கோடவுனில் தேங்கிவிட்டால் புதுக் காய் வாங்கக் கை வராது. 2025-ல் சித்தூர் பக்கம் மாங்காய் விவசாயிகளுக்கு ஆந்திர அரசே கிலோவுக்கு 4 ரூபாய் கொடுத்து, கூழ் ஆலைகள் 8 தந்தால் போதும் என்றது. அந்த ஆலைகள் கூழ் விற்கப் போய் நிற்கிற அதே வெளிநாட்டு வாசலில்தான் நாங்களும் போய் நிற்கிறோம். செலவை ஏற்றிக்கொண்டே போனால் ஆர்டர் அங்கே போகும், இந்தப் பெண்களுக்கு இருக்கிற கூலியும் போகும்.

பர்கூர் கணக்கர்:
அண்ணா, ஈஎஸ்ஐ மத்தியச் சட்டம், சித்தூருக்கும் அதேதான். நாள் கூலி 400 என்றால் முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 13 ரூபாய், தொழிலாளி பங்கு 3 ரூபாய். நாற்பது பேருக்கு நீங்கள் கட்டுவது ஒரு நாளைக்கு 520. காய் விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் அசைந்தால் பத்து டன் லோடில் பத்தாயிரம் போகிறது, அதைத் தாங்குகிறீர்களே. அப்புறம், பெயர் ஏற்றியிருந்தால் வேலையில் பட்ட காயத்துக்கு நீங்கள் தனியாக நஷ்டஈடு தர வேண்டியதில்லை. ஏற்றாவிட்டால் அது உங்கள் தலையில்தான் விழும்.

ஊத்தங்கரை வாசு:
கணக்கு சரி, பலன்? உடம்பு சரியில்லாத நாளுக்குப் பணம் வேண்டுமென்றால் ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். சீசனில் காய் வராத நாளைக் கழித்தால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அறுபது நாள் தேறாது. கிடைக்காத பணத்துக்கு எதற்குப் பிடித்தம் என்று அவர்களே கேட்கிறார்கள், நியாயம்தானே?

போச்சம்பள்ளி செல்வி:
வாசு அண்ணா, 78 நாள் காய்ச்சல், தலைவலிக்கு. அதைச் சீசன் ஆட்களுக்குக் குறைக்கச் சொல்லி நானும் உங்களோடு வருகிறேன். வேலையில் பட்ட காயத்துக்கு நாள் கணக்கே கிடையாது, முதல் நாளே வெட்டுப்பட்டாலும் கூலியில் 90 சதவீதம். இருபது நாளுக்கு 7,200 ரூபாய் வந்திருக்கும். 500-ஐ வைத்துக்கொண்டு சின்னம்மா கடைக்காரரிடம் கடன் சொன்னதை நான் பார்த்தேன்.

கிருஷ்ணகிரி கூழ் வியாபாரி:
பெயர் ஏற்ற ஆதார் கேட்டால் பாதிப் பேர் கொண்டு வருவதில்லை, காண்ட்ராக்டரும் பட்டியல் தர மாட்டேன் என்கிறார். அதற்கு என்ன செய்வது?

பர்கூர் கணக்கர்:
பட்டியல் தந்தால்தான் பில் பாஸ் ஆகும் என்று சொல்லிப் பாருங்கள், ஒரே வாரத்தில் வரும். சீசன் தொடங்கும் முன்பே, மே மாதத்தில் கேளுங்கள். பதிவு வேலையை நான் செய்து தருகிறேன்.

கிருஷ்ணகிரி கூழ் வியாபாரி:
சரி, மே மாதம் கூப்பிடுகிறேன். தங்கச்சி, சின்னம்மா விரல் இப்போது மடங்குகிறதா?

போச்சம்பள்ளி செல்வி:
இல்லைங்க அண்ணா. பூ கட்டக்கூட முடியவில்லை.