கசப்போட செஞ்சா அது அன்பு ஆகுமா?

நெல்லை மருமகள்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இத்தனை நாளா படிக்க மட்டும்தான் வருவேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். எங்க அத்தைக்கு பக்கவாதம் வந்து மூணு வருஷம் ஆச்சு, வலது கை கால் வராது, பேச்சும் இல்ல. வீட்டுக்காரரு மஸ்கட்ல இருக்காரு, ரெண்டு பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுதுங்க. டயபர் மாத்துறது, உடம்பு தொடைக்கிறது, இட்லிய பால்ல நசுக்கி ஊட்டுறது, ராத்திரி எந்திரிச்சு புரட்டிப் போடுறது எல்லாமே நான் ஒருத்திதான்.

போன ஞாயித்துக்கிழமை ஆராதனைல கோல்பே பாதிரியார் பத்தி சொன்னாங்க, ஹிட்லர் காலத்து ஆஷ்விட்ஸ் வதை முகாம்ல இன்னொருத்தருக்குப் பதிலா தன் உயிரையே கொடுத்தவரு. எல்லாரும் கண்ணைத் தொடைச்சாங்க, எனக்கு மட்டும் அழுகை வரல, அவரு ஒரே தடவை கொடுத்துட்டாரு, நான் தினமும் கொடுக்கேன், என்னை யாருக்குத் தெரியும்னு ஒரு நினைப்புதான் வந்துச்சு. அப்படி நினைச்சதுக்கே பயந்துட்டேன்.

முந்தாநாள் ராத்திரி நைட்டி மாத்தும்போது அவங்க வராத கையை வெடுக்குனு இழுத்துட்டேன். அவங்களால கத்தவும் முடியாது. என்னையே பார்த்தாங்க, இடது கண்ணுல இருந்து தண்ணி வடிஞ்சு காதுக்குள்ள போச்சு. அதைத் தொடைச்சு விட்டுட்டு அடுப்படில போய் உக்காந்துட்டேன். சபைல கேட்டா "அது உன் சிலுவை, சுமந்துதான் ஆகணும்"ங்காங்க. சுமக்கத்தான் செய்றேன். ஆனா இவ்வளவு கசப்பை உள்ள வச்சுக்கிட்டு செய்றது தேவன் முன்னால அன்புன்னு நிக்குமா?

ஜெபவீரன்:

சிஸ்டர், லூக்கா 9:23 வாசிங்க, தன்னைத்தான் வெறுத்து சிலுவைய அனுதினமும் எடுக்கணும்னு இருக்கு. 'அனுதினமும்'னுதான் இருக்கு. முறுமுறுக்காம செய்ங்க, பலன் பரலோகத்துல மிகுதியா இருக்கும்.

முத்துநகர் அந்தோணி:

பிரதர் கோவிச்சுக்காதீங்க, ஆனா ராத்திரி தூக்கமில்லாம கிடக்கிற ஒரு பொம்பளைகிட்ட இந்த வசனத்தை மட்டும் எடுத்துப் போட்டுட்டுப் போறது எனக்கு சரியாப் படல.

தங்கச்சி, நான் கத்தோலிக்கன், கோல்பேய சின்ன வயசுல இருந்தே தெரியும். 1941 ஜூலை கடைசி, கைதி ஒருத்தனைக் காணோம்னு பத்து பேரைப் பட்டினி போட்டுக் கொல்ல தேர்ந்தெடுத்தாங்க, அதுல கயோவ்னிசெக்னு ஒருத்தர் என் பொண்டாட்டி பிள்ளைங்கன்னு கதறினாரு, இவரு வரிசையை விட்டு வெளிய வந்து அவருக்குப் பதிலா நான் போறேன்னாரு. அது ஒரே நிமிஷத்துல முடிஞ்ச காரியம் இல்லம்மா. அந்த இருட்டறைல ரெண்டு வாரம் சோறு தண்ணி இல்லாம மத்தவங்களோட ஜெபிச்சுக்கிட்டே கிடந்தாரு, கடைசில ஆகஸ்ட் 14ல ஊசி போட்டுக் கொன்னாங்க. 1982ல புனிதர் பட்டம் கொடுக்கும்போது அந்த கயோவ்னிசெக்கே ரோமாபுரில இருந்தாரு.

இதுல நான் பார்க்கிறது என்னன்னா அவரை யாரும் முன்னால பிடிச்சுத் தள்ளல. அவரா வந்தாரு. யோவான் 10:18ல ஆண்டவரும் அதையேதான் சொல்றாரு, யாரும் என் ஜீவனை என்கிட்டருந்து எடுக்கல, நானே கொடுக்கேன்னு. உங்க வீட்டுல நீங்க கொடுக்கிறது பாதி, மத்தவங்க கேக்காம எடுத்துக்கிறது பாதி. உங்க கசப்பு அந்த ரெண்டாவது பாதில இருந்து வருதோன்னு தோணுது. அத்தைக்கு வேற பிள்ளைங்க இல்லையா?

நெல்லை மருமகள்:

ஒரு மக இருக்காங்க அண்ணாச்சி, எங்க மைனி, தூத்துக்குடிலதான். மாசம் ஒரு தடவை ஆப்பிள் வாங்கிட்டு வருவாங்க. உதவிக்குக் கூப்பிட்டா நான் தோத்துப்போன மாதிரி ஆயிருமேன்னு இதுவரை கேட்டதே இல்ல.

களக்காட்டுக்காரி:

மக்கா, சிலுவைன்னு சொன்னவங்க யோவான் 19ஐ முழுசா வாசிச்சாங்களான்னு கேட்கணும் போல இருக்கு. ஆண்டவர் சிலுவைல தொங்கிட்டு இருக்கும்போதே தன் அம்மாவைப் பார்க்கிற பொறுப்பை சீஷன்கிட்ட ஒப்படைச்சாரு. "அதோ, உன் தாய்" அப்படின்னு. அந்நேரம் முதல் அவன் அவங்களைத் தன்னிடமா ஏத்துக்கிட்டான்னு இருக்கு. உலகத்துக்காக உயிரைக் கொடுக்கிற அதே நேரத்துல ஒரு காரியத்தை இன்னொருத்தர் கையில கொடுத்தாருல்லா, அவரு அன்புல என்ன குறைஞ்சு போச்சு?

எங்க ஊருக்குப் பக்கத்துலதான் டோனாவூர். ஏமி கார்மைக்கேல்னு ஒரு மிஷனரி அம்மா 1901ல அங்க வந்து, கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்படுற பெண் குழந்தைங்களை மீட்டு வளர்த்தாங்க, அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். 1931ல கீழ விழுந்து காலு உடைஞ்சதுக்கப்புறம் 1951ல சாகிறவரைக்கும் அனேகமா அந்த ரூமுலயேதான் கிடந்தாங்க, அதை யாரும் அதிகமா பேசுறதில்ல. இருபது வருஷம்! ஊரையே சுமந்தவங்களை இப்ப மத்தவங்க சுமந்தாங்க. கல்லறைல பேரு போட்ட கல்லு கூட வேண்டாம்னுட்டாங்க, பறவைங்க தண்ணி குடிக்க ஒரு கல்தொட்டி வச்சு அதுல 'அம்மை'ன்னு மட்டும் எழுதிருக்கு. நான் அங்க போனா அந்தத் தொட்டிப் பக்கத்துல கொஞ்ச நேரம் நிக்காம வரமாட்டேன். வாங்கிக்கிட்டு கிடக்கிறதுக்கும் அன்பு வேணும் மக்கா, உங்க அத்தையும் அதைத்தான் செஞ்சிட்டிருக்காங்க. மைனிய கூப்பிடுங்க.

வெள்ளை யூனிஃபார்ம்:

நான் நர்ஸ், இருபத்திரெண்டு வருஷமா இதே வேலைதான். அக்கா, நீங்க கையை இழுத்தது கசப்புனாலன்னு நினைக்கிறீங்க, பாதி அது வெறும் அசதி. எங்களுக்கு ஷிஃப்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போகலாம், உங்களுக்கு ஷிஃப்டே முடியல. நைட்டி முன்பக்கம் திறக்கிற மாதிரி தச்சுக்கோங்க, வராத கையை முதல்ல நுழைச்சுட்டு நல்ல கையை அப்புறம் போடுங்க, கழட்டும்போது நல்ல கை முதல்ல, அப்போ இழுக்கவே வேண்டியதில்ல. ஊட்டும்போது நிமிர்த்தி உக்கார வைங்க, சாப்பிட்ட உடனே படுக்க வைக்காதீங்க, புரை ஏறிரும். படுக்கைப் புண் வராம இருக்க காத்து மெத்தை இல்லேன்னா ஒண்ணு வாங்குங்க, ஆனா மெத்தை இருந்தாலும் புரட்டிப் போடணும். அப்புறம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம்னு சொல்லி விசாரிங்க, படுக்கைல இருக்கவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, வலி நிவாரண கவனிப்பு எல்லாம் 2021ல இருந்து கொடுக்காங்க.

நெல்லை மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. நேத்து மைனிக்கு போன் போட்டேன், திட்டுவாங்கன்னு நினைச்சேன், அவங்க அழுதுட்டாங்க, "நீ யாரையும் பக்கத்துல விடமாட்டன்னுல்லா நினைச்சேன்"னாங்க. வெள்ளி சாயங்காலம் வந்து ஞாயிறு வரைக்கும் இருக்காங்களாம். இன்னைக்குக் காலைல நீங்க சொன்னபடி வராத கையை முதல்ல நுழைச்சேன், லேசா வந்துருச்சு. அத்தை இடது கையால என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டாங்க, அவங்களா விடுறவரைக்கும் நானும் அப்படியே குனிஞ்சு நின்னுட்டேன்.