மார்கழி வாடையில் தொண்டியிலிருந்து தங்கச்சிமடம் வரை

குடும்பத்தோடு உறவினர் வீடுகளுக்குச் சென்று வந்த அனுபவங்களைப் பலரும் எழுதியிருப்பதால், அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் இராமநாதபுரம் கடற்கரையோரமாக நாங்கள் போய் வந்ததையும் சொல்லத் தோன்றியது. இது ஊர் சுற்றிப் பார்க்கப் போன பயணம் அன்று. தொண்டியில் வாழும் என் அப்பத்தாவின் தங்கையை, அதாவது எங்கள் சின்ன அப்பத்தாவை, தங்கச்சிமடத்தில் இருக்கும் அவருடைய தம்பியிடம் அழைத்துச் செல்வதும், இடையில் இராமநாதபுரத்தில் என் சித்தப்பா மகளுக்குப் பிறந்திருந்த ஆண் குழந்தையைப் பார்ப்பதுமே நோக்கம். அக்காளும் தம்பியும் வாழும் ஊர்களுக்கு இடையே 100 கிலோமீட்டருக்கும் குறைவான தூரந்தான். ஆனாலும் எங்கள் அப்பத்தாவின் இறுதிச் சடங்குக்குப் பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. எண்பதைக் கடந்த தாயைப் பேருந்தில் ஏற்றிவிட எந்த மகனுக்கும் மனம் வருவதில்லை. கார் வைத்திருக்கும் பேரப்பிள்ளைகளோ திருச்சியிலும் சென்னையிலும் இருக்கிறோம்.

புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக மீமிசலுக்கு வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, மாலைக்குள் தொண்டியை அடைந்தோம். மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டுவிடலாம் என்று அப்பா போட்டிருந்த திட்டத்தைச் சின்ன அப்பத்தா ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். "வெயில் ஏறட்டும்யா." இந்தக் கடற்கரையில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், மலையூர்க்காரர்களுக்கு இதைக் குளிர் என்று சொன்னாலே சிரிப்பு வரும். ஆனால் மார்கழியில் வடகிழக்கிலிருந்து விடாமல் அடிக்கும் வாடைக்காற்று, வயதானவர்களின் மூட்டுகளையும் நெஞ்சுச் சளியையும் குறிபார்த்துத்தான் அடிக்கிறது. எனவே மூத்தவர்களை அழைத்துச் செல்பவர்கள் நெடுஞ்சாலை வெறிச்சோடிக் கிடக்கும் அதிகாலையைத் தேடாமல், அவர்கள் சுக்குக் காப்பி குடித்து, திண்ணை வெயிலில் சிறிது நேரம் உட்கார்ந்து எழும் வரை பொறுத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. நாங்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் கிளம்பினோம்.

திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் வழியாகச் செல்லும் அந்தச் சாலையில் ஒருபுறம் கதிர் முற்றிய நெல்வயல்களும் மறுபுறம் சீமைக் கருவேலங்காடும் மாறி மாறி வந்தன. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு மழையை நம்பிக் காத்திருக்கும் மானாவாரி நிலம் இது. அந்த ஆண்டு கண்மாய்கள் நிறைந்திருந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்து, எந்தெந்த ஊரில் தைப்பொங்கலுக்கு முன்பே அறுவடை முடியும் என்று சின்ன அப்பத்தா சொல்லிக்கொண்டே வந்தார். தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணம் எனும் நவக்கிரகக் கற்களை வணங்கிவிட்டு நேரத்தோடு நகர்ந்துவிட்டோம்.

குழந்தை வீட்டில் நடந்ததைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சாலையிலிருந்து வந்தவர்கள் கைகால் கழுவி, உடை மாற்றிய பின்பே பச்சிளம் பிள்ளை இருக்கும் அறைக்குள் போக வேண்டும் என்பதில் எண்பது வயதுக்காரரும் இருபத்தாறு வயதுத் தாயும் ஒரே கட்சியாக இருந்தார்கள். அதற்கு மேல் ஒற்றுமை நீடிக்கவில்லை. கடையில் வாங்கிய கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டு, தன் கணவரின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்துக் கொண்டுவந்திருந்த துணியால் சின்ன அப்பத்தா குழந்தையைச் சுற்றினார். அதைப் பெண் ஏற்றுக்கொண்டாள். சுக்கும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய பேறுகால மருந்தையும் வாங்கி ஒரு வாய் சாப்பிட்டாள். ஆனால் சாம்பிராணிப் புகை போடச் சொன்னபோது, குழந்தையின் மூச்சுக் குழாய்க்குப் புகை ஆகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதாக மறுத்துவிட்டாள். கூடத்தில் இருந்த நாங்கள் அனைவரும் மனத்தாங்கல் வரப்போகிறது என்றே நினைத்தோம். சின்ன அப்பத்தாவோ, "நாங்க பெத்தப்ப வெறகடுப்புப் பொகையே வீடெல்லாம் நெறைஞ்சு கெடந்துச்சு, தனியாப் பொக எதுக்கு? ஒனக்கு வேணாமுன்னா விடு" என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் பாதத்தைத் தேய்க்கத் தொடங்கினார். மருத்துவர் சொன்னதே சரி என்று நினைக்கும் எனக்கு, மூத்தவர்களிடம் பேசவே முடியாது என்று நாமாக முடிவு கட்டிக்கொண்டு எத்தனை பேச்சுகளைத் தொடங்காமலே விட்டிருக்கிறோம் என்று தோன்றியது.

பிற்பகலில் உச்சிப்புளி, மண்டபம் கடந்து பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறினோம். 1988-இல் இந்தப் பாலம் திறக்கப்படும் வரை இராமேசுவரம் தீவுக்கு ரயிலோ படகோ மட்டுமே வழி என்பதை என் பிள்ளைகள் நம்பவில்லை. அருகிலேயே 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலமும் தெரிந்தன. பழையதன் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிரிந்து இருபுறமும் உயர்ந்து வந்தது, புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும். பிள்ளைகள் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்க, சின்ன அப்பத்தா காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு பாக் நீரிணைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாடைக் காலத்தில் அந்த வடகடல் கொந்தளிக்கும் என்பதால் நாட்டுப்படகுக்காரர்கள் பலர் தென்கடல் பக்கம் மாறிக்கொள்வார்கள்.

தங்கச்சிமடத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் இறக்கப்படாத தெரு ஒன்றில், தாத்தா வாசலிலேயே நின்றிருந்தார். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தோம். அக்காள் தம்பியின் மெலிந்த கையைப் பிடித்து, மருமகள் சோறு போடுவதில்லையா என்று மருமகளின் முன்னாலேயே கேட்டார். நண்டுக் குழம்பும் கணவாய் வறுவலுமாகச் சாப்பாடு முடிந்ததும், மார்கழியில் அந்தத் தீவில் எந்த வீட்டிலும் எழும் பேச்சு இங்கும் எழுந்தது.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது சின்ன அப்பத்தா தொண்டிக்கு வாழ்க்கைப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தம்பி மீசை அரும்பாத பையன். பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைக் கடல் விழுங்கியது, பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு உத்திரங்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன என்பனவெல்லாம் எல்லோரும் அறிந்தவை. பிறந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் கிடந்த அக்காளிடம், எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லத் தம்பி படகில் மண்டபம் வந்து, நடந்தும் லாரியில் ஏறியும் தொண்டிக்குப் போனார். போனது பொங்கலுக்கு முன்பு என்கிறார் அக்காள். பொங்கல் கழிந்துதான் என்கிறார் தம்பி. உத்திரங்களை மீட்டுப் பாலத்தை 46 நாள்களில் சரிசெய்த வேலை அப்போது நடந்துகொண்டிருந்ததைப் பார்த்ததாக அவர் சாட்சி சொன்னார். கிழங்கு அவித்துக் கொடுத்தது தனக்கு நினைவிருப்பதாக அக்காள் மறுத்தார். இருவர் கணக்கும் பொருந்தக்கூடியதே என்று சொல்ல வாயெடுத்த என்னை அப்பா கண்ணால் தடுத்தார். அது சரிதான், அந்த வழக்கு தீர்ந்துவிட்டால் அவர்களுக்குப் பேச என்ன இருக்கும்?

மறுநாள் பிள்ளைகளோடு தனுஷ்கோடிக்குத் தாத்தாதான் வந்தார். சின்ன அப்பத்தா வர மறுத்துவிட்டார். 2017-இல் தார்ச்சாலை வந்தபின் அரிச்சல்முனை வரை காரிலேயே போக முடிகிறது. இடிந்த தேவாலயத்தின் முன் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, தாத்தா தண்டவாளம் போன திசையை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

ஊர் திரும்பும்போது சின்ன அப்பத்தாவைத் தொண்டியில் இறக்கிவிட்டுச் செல்வதாகத்தான் ஏற்பாடு. காரில் ஏறச் சொன்னதற்கு, பொங்கல் கழியட்டும், தம்பி பேரன் கொண்டுவந்து விடுவான் என்றார். இரத்த அழுத்த மாத்திரைக்கு என்ன செய்வீர்கள் என்று அப்பா கவலையோடு கேட்க, ஒரு மாதத்துக்கான மாத்திரையை முன்கூட்டியே வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார்.