ஓப்ரா டின்: புள்ளி ஆடுதா, உங்க திரை ஆடுதா?

கித்தாக்காட்டான்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்கார்: "ஓப்ரா டின் பார்க்கவே லட்சணம் இல்ல, கருப்பு வெள்ளைப் புள்ளி கண்ணைக் குத்துது, மெஷினேரியம் விளையாட்டுதான் அழகு." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. லூகாஸ் போப் 2018ல விட்ட, ஒரு கப்பலுக்குள்ள துப்பறியுற கணினி விளையாட்டு அது. புள்ளி சும்மா தூவினது இல்ல. முதல்ல முழுக் காட்சியும் சாம்பல் சாயல்ல உருவாகும். கடைசியிலதான் ஒரு புள்ளி அச்சோட, அதாவது புள்ளி வடிவத்தோட, ஒப்பிட்டு கருப்பு, வெள்ளைனு ரெண்டாப் பிரியும். கோடு தனி வேலை. பரப்புக்கு ஒரு நிறம் ரகசியமா கொடுத்து, நிறம் மாறுற இடத்துல கோடு விழும். அதனாலதான் இருட்டான கப்பல் அடித்தளத்துலயும் கயிறும் மரமும் ஒண்ணோட ஒண்ணு கலக்கல.

லயத்துவீடு12:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டுங்க அண்ணே. புள்ளி ஆடுது. மெஷினேரியத்துல துருப்பிடிச்ச குழாய்னா, ஒழுகின தண்ணித் தடம் வரைக்கும் கையால வரைஞ்சது. 2009ல வந்தது. அதுல எதுவும் ஆடல.

கித்தாக்காட்டான்:
ஆடாம இருக்கத்தான் அவர் 100 மணி நேரம் செலவு பண்ணார். புள்ளி அச்சைத் திரையில ஒட்டினா, தலை திரும்பும்போது காட்சி நகரும், அச்சு நகராது. ரெண்டும் உரசி ஈ மொய்க்கிற மாதிரி தெரியும். அதுக்காக கேமராவைச் சுத்தி ஒரு கோளம் வச்சு அதுல அச்சை ஒட்டினார். திரும்பினா அச்சும் கூடவே போகும்.

உங்களுக்கு ஆடுதுனா திரையைப் பாருங்க. 1366x768 திரையில 1280x720 வச்சு இழுத்தா, ஒரு புள்ளிக்கு 1.067 இடம். ஒண்ணு ஒல்லி, ஒண்ணு தடி, ஒண்ணு மங்கல். திரையோட சொந்த அளவை வைங்க. இல்ல, கிராபிக்ஸ் கார்டு செட்டிங்ல ஸ்கேலிங்கை, அதாவது படத்தை இழுத்துப் பெருசாக்குறதை, நிறுத்துங்க. சுத்தி கருப்பு ஓரம் வரும், புள்ளி ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். திரைக்குப் போறது பழைய விஜிஏ வயரா? புள்ளி நிறைஞ்ச காட்சியைத் திரையில விட்டுட்டு மானிட்டர்ல 'ஆட்டோ' பொத்தானை அழுத்துங்க.

மல்லிகா_சிப்புட்:
தம்பிங்களா, சுங்கை சிப்புட்ல பாதிப் பேர் இதை போன்ல காணொளியாத்தான் பார்த்திருப்பாங்க. தரம் குறைஞ்ச காணொளியில படத்தைக் கட்டம் கட்டமா சுருக்கும்போது முதல்ல போறது பொடிப் புள்ளிதான். சேறு மாதிரி கலங்கிடும். அதைப் பார்த்து தீர்ப்பு சொல்லாதீங்க. எனக்கு ரிவன்தான், தீவுல புதிர் அவிழ்க்கிற விளையாட்டு. 1997ல 5 சிடி, ஒவ்வொரு காட்சியும் முன்கூட்டியே வரைஞ்சு வச்ச படம். 2024ல அன்ரியல் 5ங்கிற விளையாட்டு எஞ்சின்ல திருப்பிச் செஞ்சாங்க, தாராளமா நடக்கலாம். ஆனா பழையதுல ஒவ்வொரு கோணமும் தேர்ந்து வச்சது.

செம்பனை_பாலா:
அக்கா, அது ஸ்லைடு ஷோ. மானுமெண்ட் வேலி விளையாட்டைப் பாருங்க. தூரத்துத் தூணும் கிட்டத் தூணும் ஒரே அளவு, அதனாலதான் சேராத படி சேருது. படமே புதிர் லா.

மல்லிகா_சிப்புட்:
ஸ்லைடு ஷோவா? அந்தத் தீவுல ஒரு புதிரையாவது துப்பு பார்க்காம முடிச்சிருக்கியா?

லயத்துவீடு12:
எல்லாரும் வேற எங்கயோ போறீங்க. அண்ணே, நான் சொந்த அளவுலதான் வச்சிருக்கேன், வயரும் எச்டிஎம்ஐ. கோளம் திரும்புறதுக்குத்தான். மேல்தளத்துல நேரா நடங்க, பலகை கிட்ட வருது, புள்ளி வரல, அது மேலயே வழுக்குது. அதுக்கு என்ன பதில்?

கித்தாக்காட்டான்:
புள்ளி வைக்காம கோலம் ஏது? போன மாசம் மானிட்டர் பேச்சுலயும் இப்படித்தான், சொன்னதைச் செஞ்சு பார்க்காமலே மறுத்தீங்க. திரும்பிப் பாருங்க, நிக்குதா இல்லையா?

லயத்துவீடு12:
நிக்குது. நடந்தா ஆடுது.

கித்தாக்காட்டான்:
நின்னு பார்க்குற விளையாட்டு அது! 60 பேர் கதி என்னாச்சுனு உறைஞ்ச காட்சியைச் சுத்திப் பார்க்கணும். ஓடுறதுக்கு இல்ல.

லயத்துவீடு12:
சுத்திப் பார்க்க நடக்கணும் அண்ணே. நடந்தா ஆடுது.